அவரை டூட்டிக்கு அனுப்பியது யார்?

அந்த வீடியோவை இன்னும் எனக்கு யாரும் அனுப்ப வேண்டாம், பார்த்துவிட்டேன். நடுராத்திரி டீக்கடை ஓரம் பஸ்ஸை நிறுத்திவிட்டு "கண்ணு சொக்குதுங்க, கொஞ்சம் பொறுங்க" என்று கும்பிடுகிற டிரைவரைச் சுற்றி நின்று பயணிகள் கத்துகிறார்கள். மறுநாள் சஸ்பெண்ட். அன்று அவருக்கு வார ஓய்வு, ஆள் இல்லை என்று கூப்பிட்டு டபுள் டூட்டி போட்டிருக்கிறார்கள் என்று கூட வேலை பார்ப்பவர்களே சொல்கிறார்கள். தூக்கம் வந்ததும் வண்டியை ஓரங்கட்டியவருக்குத் தண்டனை. அவரை அந்த சீட்டில் உட்கார வைத்தவர் யார் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்துவிட்டது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. நெடுந்தூரத் தடம், திருவிழா நெரிசல் என்றால் அனுமதி வாங்கி நாளுக்கு 10, வாரத்துக்கு 54 வரை போகலாம். ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு. அந்த நாளில் கூப்பிட்டே ஆக வேண்டும் என்றாலும், முழு நாள் ஓய்வு இல்லாமல் தொடர்ந்து 10 நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, அவரிடமிருந்து பறித்த ஓய்வைப் பிறகு திருப்பித் தர வேண்டும். இப்போது அது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது, அதிலும் வாரம் 6 நாள்தான் வேலை. ஐரோப்பாவில் லாரி, பஸ் டிரைவர்களுக்கு வார ஓய்வு சாதாரணமாக 45 மணி நேரம், ஓட்டிய நேரத்தையும் நின்ற நேரத்தையும் பதிவு செய்ய வண்டியிலேயே கருவி இருக்கிறது.

என் அப்பாவும் பஸ் டிரைவர்தான். அவருக்கு ஆஃப் என்றால் அன்று காலையில் அம்மா மிக்ஸி போடமாட்டார், சட்னியை அம்மியில்தான் அரைப்பார். நாங்கள் வாசலில்கூட விளையாடக் கூடாது. அப்படியெல்லாம் காத்த தூக்கத்தை டிப்போவிலிருந்து வரும் ஒரு போன் கலைத்துவிடும். "ஆள் இல்லண்ணே, ஒரு சிங்கிள், ஒரே ஒரு நடை மட்டும் அடிச்சிட்டுப் போயிடுங்க." மாட்டேன் என்று சொன்னால் அடுத்த வாரம் முழுக்க யாருக்கும் பிடிக்காத தடமாகப் பார்த்துப் போடுவார்கள். எழுத்தில் எதுவும் இருக்காது. அப்பா ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, சட்டைப் பையில் நாலு பச்சை மிளகாயோடு கிளம்புவார். தூக்கம் வந்தால் ஒன்றைக் கடித்துக்கொள்வாராம். அந்த பஸ்ஸில் அறுபது பேர் நம்பி உட்கார்ந்திருப்பார்கள்.

"ஓவர்டைம் காசுக்காக அவங்களே கேட்டு வாங்குறாங்க" என்று அந்த வீடியோவுக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார். சிலர் வாங்குகிறார்கள், மறுக்கவில்லை. பிள்ளைக்கு காலேஜ் ஃபீஸ், வீட்டுக் கடன் என்று இருப்பவர் வாங்கத்தான் செய்வார். அதற்காக ஓய்வை விற்க விடலாமா? குடித்துவிட்டு வந்து "நான் ஓட்டுகிறேன்" என்று ஒருவர் கேட்டால் சாவியைக் கொடுப்பீர்களா? 17 மணி நேரம் விழித்திருப்பவரின் நிதானம், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் ஏறியவரின் நிதானத்துக்குச் சமம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. நம் சட்டத்தில் 30-ஐத் தாண்டினாலே வழக்கு. குடித்திருக்கிறாரா என்று ஊதச் சொல்லிப் பார்க்கிறோம். கடைசியாக எப்போது தூங்கினீர்கள் என்று கேட்க யாரும் இல்லை.

"நாங்களும்தான் ஆபீஸில் 14 மணி நேரம் உழைக்கிறோம்" என்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்றே தெரியவில்லை. நீங்கள் மேஜையில் கண்ணயர்ந்தால் எதிரே லாரி வராது.

அப்புறம், பண்டிகைக்குப் பஸ் வேண்டாமா என்று கேட்கிறார்கள். வேண்டும்தான். பொங்கல், தீபாவளிக்கு இத்தனை ஆயிரம் சிறப்புப் பேருந்து என்று ஒவ்வொரு வருஷமும் அறிவிப்பு வருகிறது. அதை ஓட்ட எத்தனை டிரைவர், அவர்களில் எத்தனை பேருக்கு அந்த வாரம் ஓய்வு கிடைத்தது என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? 2024 ஜனவரியில் பஸ் ஸ்டிரைக் நடந்ததே, காலிப் பணியிடங்களை நிரப்புங்கள் என்பதும் அதில் ஒரு கோரிக்கை. அப்போதும் பொங்கல் நேரத்தில் மக்களைப் படுத்துகிறார்கள் என்று அவர்களைத்தான் திட்டினோம். ஓட்டினாலும் திட்டு, ஓட்டாவிட்டாலும் திட்டு, நிறுத்தினாலும் திட்டு. காக்கிச் சட்டைக்குள் இருப்பவருக்கும் உடம்பு என்று ஒன்று இருப்பது எப்போதுதான் நம் கண்ணில் படும்?

அவர் சரியான வேலையைத்தான் செய்தார், இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். சஸ்பெண்டை முதலில் ரத்து செய்யுங்கள். விசாரணை என்று ஒன்று நடந்தால், அவருடைய கடைசி இரண்டு வார டூட்டி சார்ட்டை மேஜையில் வையுங்கள். எந்த நாள் ஆஃப், அந்த நாளில் யார் போன் செய்தார்கள், யார் டூட்டி போட்டார்கள், யார் கையெழுத்து போட்டார்கள் என்று வரிசையாகக் கேளுங்கள். கையெழுத்துப் போட்டவரைக் கூப்பிட்டு விசாரித்த பிறகு டிரைவரிடம் வாருங்கள்.