கன்றுத்தோலில் பிழைத்த கடவுள்கள்

போன வாரம் என் மகள் பள்ளிக்கூட சார்ட்டுக்கு ஒரு வைக்கிங் வீரனை வரைந்துகொண்டிருந்தாள். செம்பட்டைத் தாடி, கையில் கோடாரி, தலையில் இரண்டு கொம்பு. "கொம்பு வேண்டாம் பாப்பா, அழிச்சிடு" என்றேன். "எல்லாப் படத்துலயும் இருக்கேப்பா" என்றாள். அவள் சொல்வதும் உண்மைதான், எல்லாப் படத்திலும் இருக்கிறது. ஆனால் வைக்கிங் காலத்துத் தலைக்கவசம் கொம்போடு ஒன்றுகூட இதுவரை கிடைத்ததில்லை. 1943-இல் நார்வேயில் யெர்முன்பு என்ற இடத்தில் கிடைத்தது வெறும் இரும்புக் குல்லாய்தான். கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடி மாதிரி ஒரு தகடு, அவ்வளவுதான். 1876-இல் ஜெர்மனியில் வாக்னரின் இசை நாடகம் அரங்கேறியபோது நடிகர்களுக்குச் செய்த உடுப்புகளால்தான் கொம்பு ஊரெல்லாம் பரவியது.

சரி, கொம்பு போகட்டும். என் ஆதங்கம் அந்தக் கையைப் பற்றியது. வைக்கிங்குகளின் மண்ணான ஸ்காண்டிநேவியா (நார்வே, டென்மார்க், சுவீடன், ஐஸ்லாந்து பக்கம்) என்றதும் நம் மனதில் வருகிற ஆளின் கையில் எப்போதும் கோடாரிதான் இருக்கிறது. 793-இல் இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் கிறிஸ்தவ மடத்தைச் சூறையாடியவன் அவன்தான், மறுக்கவில்லை. ஆனாலும் அந்தக் கையில் ஓர் இறகுப் பேனாவையும் கன்றுத்தோல் ஏட்டையும் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

ஏன் என்று சொல்கிறேன். அவர்களுடைய பழைய கடவுள்களின் கதைகள், ஓடின் ஞானத்துக்காக ஒரு கண்ணைக் கொடுத்தது, தோரின் சம்மட்டி, லோகியின் சூது, ரக்னரோக் என்னும் ஊழிக்காலம், இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? அந்தக் கடவுள்களைக் கும்பிட்டவர்கள் இவற்றைப் புத்தகமாக எழுதிவைக்கவில்லை. அவர்கள் ரூன் எழுத்தில் கல்லில் பொறித்தவை பெரும்பாலும் இறந்தவர் பெயர்களும் நினைவு வாசகங்களும்தான். கதைகளில் மிகப் பெரும் பகுதியை எழுதிக் காப்பாற்றியவர்கள் ஐஸ்லாந்துக்காரர்கள், அதுவும் 13-ஆம் நூற்றாண்டில். அதற்குள் அவர்கள் கிறிஸ்தவர்களாகி 200 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. தாங்கள் கைவிட்ட சாமிகளின் கதையை, தாத்தாவின் பொருளைத் துடைத்து எடுத்துவைப்பதுபோல உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள்.

இந்த மனசு எங்கிருந்து வந்தது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு 1000-ஆம் ஆண்டு வாக்கில் நடந்த ஒன்று நினைவுக்கு வரும். ஐஸ்லாந்தின் பொதுச்சபையான ஆல்திங், திங்வெல்லிர் சமவெளியில் கூடியிருந்தது. பழைய மதத்தார் ஒரு பக்கம், புது மதத்தார் ஒரு பக்கம். உங்கள் சட்டம் எங்களைக் கட்டாது என்று இரண்டு தரப்பும் சொல்லிவிட்டன. சட்டம் உரைப்பவரான தோர்கெய்ர் பழைய மதத்துக்காரர். முடிவை அவரிடமே விட்டார்கள். அவர் போய்ப் படுத்துப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். ஒரு பகலும் ஓர் இரவும் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் எழுந்து, சட்டத்தைக் கிழித்தால் அமைதியும் கிழிந்துவிடும், எல்லாருக்கும் ஒரே சட்டம்தான் என்றார். நாடு ஞானஸ்நானம் பெறும்; ஆனால் பழைய சாமிக்கு மறைவில் படையல் வைத்தால் குற்றமில்லை. அந்தச் சலுகை சில வருடங்களில் எடுக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் ரத்த ஆறு ஓடாமல் ஒரு நாடு மதம் மாறியது. பழசை வெறுத்தே ஆகவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு வராததற்கு அந்தப் போர்வைக்குள் கழிந்த ஒரு நாள்தான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

அப்புறம் ஸ்நோரி ஸ்டுர்லுசன் வருகிறார். பெரும் பணக்காரர், அரசியல்வாதி, சட்டம் உரைப்பவர். 1220 வாக்கில் எட்டா என்ற நூலை எழுதினார். இளங்கவிஞர்களுக்குப் பழைய பாட்டின் பூடகச் சொற்கள் பிடிபடாமல் போய்க்கொண்டிருந்தன. பாட்டில் 'சிஃபின் கூந்தல்' என்று வந்தால் தங்கம் என்று பொருள். தோரின் மனைவி சிஃபின் கூந்தலை லோகி வெட்டிவிட்டான், பதிலுக்குக் குள்ளர்கள் பொன்னால் கூந்தல் செய்து கொடுத்தார்கள் என்ற கதை தெரியாதவனுக்கு அந்த வரி வெறும் சத்தம். கதை செத்தால் கவிதையும் சாகும் என்பது ஸ்நோரிக்குப் புரிந்திருந்தது. 1241-இல் நார்வே மன்னருக்கு வேண்டிய ஆட்கள் இரவில் ரெய்க்ஹோல்ட்டில் இருந்த அவர் வீட்டுக்குள் புகுந்து, நிலவறையில் வைத்து அவரை வெட்டிக் கொன்றார்கள். "வெட்டாதீர்கள்" என்பதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. அவர் குளித்த வெந்நீர்க் குளம் இன்றும் அங்கே இருக்கிறது.

பெயர் தெரியாத மற்றவர்களையும் நினைத்துப் பாருங்கள். கன்றின் தோலை உரித்து, மயிர் நீக்கி, இழுத்துக் கட்டிக் காயவைத்து ஏடாக்குவார்கள். ஒரு வகைக் காட்டுப்பழச் செடியைக் காய்ச்சி எடுத்த கறுப்புச் சாறுதான் மை. ஃப்ளாட்டெயார்போக் என்ற ஒரே புத்தகத்துக்கு 113 கன்றுகள் தேவைப்பட்டனவாம். பனிக்கால இரவில் பண்ணை வீட்டின் ஒரே அறையில் எல்லாரும் கம்பளி சிக்கெடுத்துக்கொண்டும் நூல் நூற்றுக்கொண்டும் இருப்பார்கள். ஒருவர் விளக்கடியில் உட்கார்ந்து 'சாகா' எனப்படும் பழைய ஐஸ்லாந்து உரைநடைக் கதைகளை உரக்கப் படிப்பார். இப்படிப் பல நூறு வருடங்கள்.

இவற்றில் என் மனதுக்கு மிக நெருக்கமானது 'கோடெக்ஸ் ரேகியஸ்', பழைய கடவுள்களையும் வீரர்களையும் பற்றிய பாடல்களின் தொகுப்பு. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, மங்கிய பழுப்பு, ஓவியம் எதுவும் கிடையாது. எழுதியது 1270 வாக்கில். 45 ஏடுகள் இருக்கின்றன, நடுவில் 8 ஏடுகள் தொலைந்துவிட்டன. தொலைந்தவை பாம்பரக்கனைக் கொன்ற சிகுர்தின் கதையில் ஒரு முக்கியப் பகுதி. அதை இன்று உரைநடைச் சாகா வழியாகத்தான் தெரிந்துகொள்கிறோம். ஓடினின் அறிவுரைகளாக வரும் 'ஹாவமால்' பாடல் முழுமையாக நம்மிடம் இருப்பது இந்த ஒரு கையெழுத்துப் பிரதியால்தான். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் தன் குள்ளர்களின் பெயர்களையும் காண்டால்ஃப் என்ற மந்திரவாதியின் பெயரையும் எடுத்த 'வொலுஸ்பா' பாடல் இதில்தான் முதலில் வருகிறது. அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸின் ஜெனீவா கல்லறைக்கல்லின் பின்புறம் சிகுர்தின் சாகாவிலிருந்து ஒரு வரி பழைய நோர்ஸ் மொழியிலேயே இருக்கிறது: அவன் கிராம் என்ற வாளை உருவி இருவருக்கும் நடுவே வைக்கிறான். எங்கோ பனியில் ஒரு குடியானவன் விளக்கடியில் படித்த வரி எத்தனை தூரம் போயிருக்கிறது!

ஆனால் இந்தப் புத்தகங்கள் கொஞ்சம் தவறியிருந்தால் போயே போயிருக்கும். ஐஸ்லாந்தில் வறுமை முற்றிய காலத்தில் தோல் ஏடுகளை வெட்டி, துணி தைக்க அளவு மாதிரியாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். சட்டை முன்பக்க வடிவில் வெட்டிய ஏடுகள் இன்றும் இருக்கின்றன, எழுத்து பாதியில் அறுந்து நிற்கும். குளிருக்கு உடுப்பு தைத்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆர்னி மாக்னுஸ்ஸோன் என்ற அறிஞர் 1702 முதல் 10 வருடம் அரசாங்க நிலக் கணக்கெடுப்புக்காக நாடெங்கும் அலைந்தபோது இப்படிப்பட்ட துண்டு துணுக்குகளையெல்லாம் சேகரித்தார். எல்லாம் அப்போது ஐஸ்லாந்தை ஆண்ட டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகன் போய்ச் சேர்ந்தது. 1728-இல் அந்த ஊரே பற்றி எரிந்தது. தோல் நூல்களில் பெரும்பாலானவற்றை இழுத்து வெளியே போட்டுவிட்டார்கள். அச்சு நூல்கள் பெரும்பாலும் சாம்பல். ஆர்னி அடுத்த 15 மாதத்தில் இறந்துபோனார்.

டென்மார்க் வைத்திருந்ததால்தான் இவை பிழைத்தன என்று சிலர் வாதிடுவார்கள். ஓரளவு சரி. எரிந்ததும் அதே டென்மார்க்கில்தான். பல வருட வழக்கு, வாதங்களுக்குப் பிறகு டென்மார்க் நாடாளுமன்றமே சட்டம் போட்டுத் திருப்பித் தர ஒத்துக்கொண்டது. 1971 ஏப்ரல் 21 அன்று டென்மார்க் கடற்படைக் கப்பல் ஒன்று கோடெக்ஸ் ரேகியஸையும் ஃப்ளாட்டெயார்போக்கையும் சுமந்துகொண்டு ரேக்யாவிக் துறைமுகத்துக்குள் வந்தது. பள்ளிகளுக்கு விடுமுறை, கடைகள் அடைப்பு, கரையில் ஆயிரக்கணக்கில் கூட்டம். வந்தது இரண்டு பழைய புத்தகம்! அடக்கி ஆண்ட நாடு, ஆளப்பட்ட நாட்டுக்குப் பொக்கிஷத்தைத் தானே கப்பலேற்றி அனுப்பிய அந்த நாள், லிண்டிஸ்ஃபார்ன் கொள்ளையைவிட எனக்குப் பெரிய ஸ்காண்டிநேவிய வரலாறு. ஐரோப்பாவில் இனவெறிக் கும்பல்கள் தோரின் சம்மட்டியைப் பச்சை குத்திக்கொண்டு திரிவதைப் பார்க்கும்போது, இவர்கள் இந்தப் புத்தகங்களில் ஒரு பக்கமாவது படித்திருப்பார்களா என்று ஆத்திரம் வருகிறது.

இதையெல்லாம் மகளிடம் சொன்னபோது அவள் கவனித்துக் கேட்டது ஓர் ஆளைப் பற்றித்தான். யோன் ஓலாஃப்ஸன், 1593-இல் ஐஸ்லாந்தின் மேற்கு விரிகுடாப் பகுதியில் பிறந்தவர். ஊரைவிட்டுப் போய் டென்மார்க் மன்னரின் பீரங்கிப்படையில் சேர்ந்தார். தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டென்மார்க்காரர்கள் 1620-இல் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்களே, அந்தக் கோட்டைக்குக் காவல் வீரராக வந்து இருந்தார். இங்கே வெடிமருந்து விபத்தில் படுகாயம்பட்டு ஊர் திரும்பினார். 1661-இல், கிட்டத்தட்ட 70 வயதில், தான் பார்த்ததையெல்லாம் ஐஸ்லாந்து மொழியில் எழுதிவைத்தார். ஊர்க்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் இந்தியாஃபாரி, இந்தியா போய்வந்தவர்.

அடுத்த லீவுக்குத் தரங்கம்பாடி போகலாம் என்கிறாள். சார்ட்டில் கொம்பை அழித்துவிட்டாள். கோடாரி இருக்கட்டும் என்று இன்னொரு கையில் ஒரு புத்தகம் வரைந்திருக்கிறாள், பழுப்பு கலரில்.