கல்லுக்கு எதற்கு பெயின்ட்?

ஊட்டியில் எங்கள் தெருமுனையில் ஒரு பழைய கல் கட்டடம். தகரக் கூரை, மர ஜன்னல். போன வாரம் முன்பக்கம் முழுக்க சிமென்ட் பூசி ஆரஞ்சு பெயின்ட் அடித்துவிட்டார்கள். பார்த்ததும் வயிறு எரிந்தது.

அழகு போனது மட்டுமில்லை. அந்தக் காலத்துச் சுவர்கள் சுண்ணாம்புக் காரையில் கட்டியவை. சுண்ணாம்பு ஈரத்தை உறிஞ்சும், வெயில் வந்தால் வெளியே விடும். சிமென்ட் விடாது. ஈரம் உள்ளேயே தங்கி, காரை உதிரும், கல் பொரியும். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊரில் இது கூடவா தெரியாது?

வெள்ளைக்காரர் காலத்துக் கோவை கலெக்டர் சல்லிவன் இங்கே கட்டிய ஸ்டோன் ஹவுஸ் பங்களா இன்னும் நிற்கிறது. மலை ரயிலுக்கு 2005-ல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது. சரி, இவற்றுக்குப் பெயர் இருக்கிறது, கவனிக்க ஆள் இருக்கிறது. பெயரில்லாத கடைகளும் வீடுகளும் சேர்ந்ததுதானே ஊர்? அவற்றுக்கு யார் பேசுவது?

ஓனரிடமே கேட்டேன். "பழசா இருந்தா கஸ்டமர் வரமாட்டாங்கண்ணா" என்றார். கீழேயிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் அந்தப் பழசைத்தான் நின்று போட்டோ எடுக்கிறார்கள் என்றேன். பதில் இல்லை. பின்பக்கச் சுவர் மட்டும் இன்னும் கல்லாகவே இருக்கிறது. அதையாவது விட்டுவிடுங்கள் என்று கெஞ்சிவிட்டு வந்திருக்கிறேன்.