பக்கவாதத்துக்குப் பின் வரும் வலி, நரம்பு உயிர்பெறும் அறிகுறியா?

"பக்கவாதத்தில் செயலிழந்த கையில் வலி எடுத்தால் நரம்புகள் உயிர்பெறுகின்றன என்று பொருள்; மருந்து தராமல் கையை நன்றாக இழுத்துவிடுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் பரவும் தகவல் தவறானது, ஆபத்தானதும்கூட.

தோளைச் சுற்றியுள்ள தசைகள் தளர்ந்திருக்கையில் கையின் எடையே மூட்டைக் கீழ்நோக்கி இழுப்பதால், படுக்கையிலிருந்து எழுப்புவதற்காக அந்தக் கையைப் பிடித்து இழுத்தால் மூட்டு மேலும் விலகவும் தசைநார்கள் கிழியவும் கூடும். உட்காரும்போது முழங்கைக்குக் கீழே தலையணை வைத்துத் தாங்குவதும், சட்டையைப் பாதிக்கப்பட்ட கையில் முதலில் நுழைத்து, கழற்றும்போது அந்தக் கையைக் கடைசியாக விடுவிப்பதும் இயன்முறை மருத்துவர்கள் கற்றுத்தரும் வழிகள். கப்பியில் கயிறு மாட்டிக் கையைத் தலைக்குமேல் தூக்கும் பயிற்சி தோளைக் காயப்படுத்தக்கூடும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும்.

எரிச்சலாகவோ, குளிர்ந்த நீர் பட்டாலே சுரீரென்றோ வரும் வலி, இந்தத் தோள் மூட்டு வலியிலிருந்து வேறுபட்ட வகை. வெளியே எந்தக் காயமும் தெரியாததால் வீட்டாரே இதை நடிப்பென்று எண்ணிவிடுவது பெருங்கொடுமை. 1906இல் பாரிஸ் மருத்துவர்களான தெஜெரின், ரூஸி ஆகியோர் விவரித்த இவ்வலி, மூளையின் தலாமஸ் உள்ளிட்ட உணர்வுப் பாதைகள் பழுதடைவதால் எழுவது. சாதாரண வலி மாத்திரைகள் இதற்குப் பெரிதும் உதவுவதில்லை என்பதால், அமிட்ரிப்டிலின் போன்ற மருந்து பொருந்துமா என்பதை நரம்பியல் மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும்.