ஈரோட்டுச் சேர்மன் வீடு

போன வாரம் ஈரோடு கனி மார்க்கெட்டுக்கு ஜவுளி எடுக்கப் போயிருந்தோம். வேலை முடிந்ததும் மகனைக் கூட்டிக்கொண்டு பெரியார் வீதிக்கு நடந்தேன். பெரியார் அண்ணா நினைவு இல்லம். அந்தப் பக்கம் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், உள்ளே போனது இப்போதுதான்.

சுவரில் படங்கள். தாடியும் கைத்தடியுமாக நாம் பார்த்துப் பழகிய அதே பெரியார் முகம். ஏழாம் வகுப்புப் படிக்கிற மகன் ஒவ்வொரு படமாக நின்று பார்த்துவிட்டு, "ஏப்பா, இவரு இந்த ஊருக்குச் சேர்மனாவும் இருந்தாரா?" என்று கேட்டான்.

இருந்தாரே! 1918-19இல் ஈரோடு நகராட்சித் தலைவர் அவர்தான். அப்போது 40 வயதுகூட நிரம்பாத மண்டி வியாபாரி. அதற்கும் முன்னால் ஊரில் பிளேக் வந்து, சொந்தக்காரர்களே தொடப் பயந்த பிணங்களைத் தன் தோளில் தூக்கிப்போனவர். காவிரித் தண்ணீரைக் குழாயில் ஊருக்குள் கொண்டுவந்தது அவர் சேர்மனாக இருந்தபோதுதான். கருங்கல்பாளையத்தில் பிறந்து வளர்ந்த என் அம்மாயி, வீட்டுக்குள்ளேயே குழாய் வந்த பிறகும் "காவேரித் தண்ணி வந்திருச்சு, குடத்தை எடு" என்றுதான் சொல்லும். அதைக் கொண்டுவந்தவர் யார் என்று அதுவும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அந்த வீட்டில் நிற்கும்போது அதுதான் எனக்கு உறுத்தியது.

அதே சமயத்தில் பக்கத்துச் சேலத்தில் சேர்மன் ராஜாஜி. அந்தப் பழக்கத்தில் காங்கிரசுக்குப் போன பெரியார், சேர்மன் பதவியோடு கையில் இருந்த மற்ற பதவிகளையும் விட்டுவிட்டுத்தான் போனார். 1921இல் கள்ளுக்கடை மறியலுக்கு மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் இறங்கியது இந்தக் குடும்பத்திலிருந்துதான்.

பெரியாரைக் கொண்டாடுகிறவர்களும் திட்டுகிறவர்களும் பேசுவதெல்லாம் இதற்கு அப்புறம் வந்த கதையைத்தான். எனக்கு என்னவோ இரண்டையும் பிரிக்க முடியவில்லை. 1924இல் வைக்கத்துக்குப் போய், கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் எல்லோரும் நடக்கலாம் என்று நின்றவர், அதற்கு ஐந்தாறு வருஷம் முன்னால் ஒரு ஊரின் தெருவையும் தண்ணீரையும் பொறுப்பில் வைத்திருந்தவர். பொதுத் தெரு என்றால் என்ன, யார் காசில் போடுவது, யாரை அதில் விடமாட்டேன் என்கிறார்கள் என்பதெல்லாம் நகராட்சி நாற்காலியில் உட்கார்ந்தவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

ஈரோட்டுப் பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளை இந்த வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். வந்து படம் பார்த்துவிட்டு அப்படியே பஸ் ஏறாமல், ஊருக்குத் தண்ணீர் எடுக்கிற இடத்தையும் காட்ட வேண்டும். நாங்கள் அன்றைக்குத் துணிமூட்டையோடு கருங்கல்பாளையம் போய் ஆற்றைப் பார்த்துவிட்டு, இருட்டின பிறகுதான் வீட்டுக்குக் கிளம்பினோம்.