சக்கரத்துக்கு முன்னால் நின்றவர்

இரண்டு வாரமாகப் பழைய லண்டன் கேலிச்சித்திரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்னை நிறுத்தி வைத்தவை 1770களிலிருந்து 1810 வரை வந்த குதிரை வண்டிப் படங்கள்.

அன்றைய பணக்கார இளைஞர்களுக்கு ‘ஃபேட்டன்’ வண்டி மேல் அப்படி ஒரு பைத்தியம். பெரிய சக்கரங்கள், மெல்லிய உடல், உட்காரும் இடமோ ஆள் உயரத்துக்கு மேலே. வேகமாகத் திருப்பினால் கவிழ்ந்துவிடும். சூரியனின் தேரை அடம்பிடித்து வாங்கி, ஓட்டத் தெரியாமல் செத்துப்போன கிரேக்கப் புராணப் பையனின் பெயர் அது. வேல்ஸ் இளவரசரே ஃபேட்டன் ஓட்டினார். சர் ஜான் லேட் என்ற செல்வந்தர் வண்டிக்காரர் மாதிரியே உடுத்தித் திரிந்தார். 1808இல் கேலிச்சித்திரக்காரர் கில்ரே, பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் கேனிங்கையே சூரியத் தேரில் ஏற்றி வரைந்தார். கீழே உலக உருண்டை எரிகிறது. கட்டுப்பாடில்லாமல் வண்டி ஓட்டுபவன் என்றால் யார் என்று ஊருக்கே புரிந்திருந்ததால்தான் அரசியலுக்கும் அந்தப் படம் பொருந்தியது.

கில்ரேயின் அச்சுப்படங்கள் லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெருவில், அவற்றை விற்ற ஹன்னா ஹம்ஃப்ரியின் கடைக் கண்ணாடியில் தொங்கும். வாங்கக் காசில்லாதவர்களும் நின்று பார்த்துச் சிரிக்கலாம். பெரிய இடத்துப் பிள்ளைகளைத் தெருவில் போகிறவர்கள் பார்த்துச் சிரித்தது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. பெண்கள் கடிவாளம் பிடித்தால் அவர்களுடைய கொண்டையின் உயரத்தையும் வண்டியின் உயரத்தையும் சேர்த்துக் கேலி செய்த படங்கள் பிடிக்கவில்லை. ஓட்டும் விதத்தைச் சொல்லாமல் ஓட்டுபவர் பெண் என்பதையே குற்றமாக்குகிறார்கள். இன்றைய மீம்களிலும் அதைத்தான் பார்க்கிறேன்.

அதைவிட உறுத்துவது வேறு. நான் பார்த்த படங்களில் அடிபட்டவருக்கு ஒரு முகமே இல்லை. கூடை சிதறிக் கிடக்கும், கிழவி மல்லாந்து கிடப்பாள், அதுவும் சிரிப்புக்குத்தான். அவளுக்கு எலும்பு முறிந்ததா என்று எந்தப் படமும் கேட்கவில்லை.

படங்கள் கேட்காத அதை, அப்படிக் கீழே விழுந்த ஒருவரே எழுதியிருக்கிறார். 1776 அக்டோபரில் பாரிஸ் அருகே மெனில்மோந்தான் இறக்கத்தில் 64 வயது தத்துவ எழுத்தாளர் ரூஸோ நடந்து வந்துகொண்டிருந்தார். ஒரு பிரபுவின் வண்டிக்கு முன்னால் பாய்ந்து வந்த பெரிய நாய் அவரை மோதித் தள்ளியது. வண்டிக்காரர் சட்டென்று குதிரைகளை இழுத்துப் பிடித்ததால் சக்கரம் ஏறவில்லை. நினைவு திரும்பியபோது எந்த ஊரில் இருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. மேலுதடு கிழிந்திருந்தது. அப்படியே வீட்டுக்கு நடந்து போனார். அவரைப் பார்த்து மனைவி அலறியபோதுதான், நினைத்ததைவிடப் பலமாக அடிபட்டிருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது.