பிரம்பில் இருப்பது கண்டி அரசனின் சிங்கம் அல்ல

"1815இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனிடமிருந்து பறித்த கோல், பூணில் அவன் சிங்க முத்திரை" என்ற குறிப்போடு வெள்ளிப்பூண் போட்ட பிரம்பு ஒன்றின் படம் மலையக வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. அது தவறு.

படத்தைப் பெரிதாக்கினால் பூணின் ஓரத்தில் நங்கூரம், நடக்கும் சிங்கம், ஓர் ஆங்கில எழுத்து வரிசையாகத் தெரியும். முன்காலைத் தூக்கி நடக்கும் இந்தச் சிங்கம், வெள்ளி 92.5 சதவீதத் தரம் என்பதற்கான இங்கிலாந்து முத்திரை. நங்கூரம், வெள்ளியின் தரத்தைச் சோதிக்கும் பர்மிங்காம் கூடத்துக்குரியது. எழுத்து சோதித்த ஆண்டைச் சொல்லும். கண்டிக் கொடியின் சிங்கமோ வாளேந்தி நிற்கும்.

1784 முதல் 1890 வரை வரி கட்டிய வெள்ளியில் அரசரின் தலையும் குத்தப்பட்டது. இதில் அது இல்லை; ஆக, இது 1890க்குப் பிந்தியதாக இருக்கலாம். பூணில் பொறித்த வாசகமும் தேயிலைத் தோட்டத்து ஸ்டாஃப் தங்கள் துரைக்குத் தந்த பிரியாவிடைப் பரிசு என்றே சொல்கிறது. இலங்கைத் தேயிலையின் முன்னோடி ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்டதே 1867இல்தான்!

தோட்டத்து வாழ்வின் சாட்சியம் என்ற வகையில் இது அருமையான பொருள். அரச கதை ஒட்டினால் அந்த மதிப்புத்தான் மறைகிறது.

இப்படியொன்று வீட்டில் இருந்தால் 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். வாசகத்தில் பொறித்த ஆண்டு முத்திரை ஆண்டுக்கு முந்தியதாக இருந்தால் சந்தேகப்படுங்கள். பிராஸோ போன்ற மெருகூட்டி போட்டுத் தேய்க்க வேண்டாம். மெல்லிய முத்திரைகள் தேய்ந்துவிடும், பிறகு வயதைக் கண்டுபிடிப்பது கடினம்.