கிட்னிய மிச்சம் வைக்கிற ஆபரேஷன்

குழந்தைங்க கிட்னி கேன்சர்ல முழு கிட்னியயும் எடுக்காம கட்டிய மட்டும் எடுக்குறாங்கன்னு எழுதியிருக்கீங்க, படிச்சதும் கண்ணு கலங்கிடுச்சி. எங்க அக்கா பொண்ணு, காசிமேடு, அப்ப 3 வயசு, குளிப்பாட்டும்போது சோப்பு கைக்கு வயித்துல கல்லு மாதிரி தட்டுச்சி, புள்ள அழவே இல்ல, வலியே இல்ல. ஸ்கேன்ல ரெண்டு கிட்னிலயும் வில்ம்ஸ் கட்டி, அதான் சின்ன புள்ளைங்களுக்கு வர்ற கிட்னி கேன்சர்னாங்க. மொதல்ல கீமோ குடுத்து கட்டிய சுருக்கி அப்புறம்தான் ஆபரேஷன், ரெண்டு பக்கமும் நல்ல பாகத்த விட்டுட்டு எடுத்தாங்க, டயாலிசிஸ் வேணாம்னு சொன்னப்போ அக்கா டாக்டரம்மா கைய புடிச்சிகினு விடவே இல்ல. ஒரு பக்கம் மட்டும்னா பெரும்பாலும் அந்த கிட்னியயே எடுத்துடுவாங்க, இன்னொரு கிட்னி போதும், பயப்படாதீங்க. ஆனா தாய்மாருங்களே, கட்டி தெரிஞ்சா குடலேத்தம்னு எண்ணெ தடவி நீவ விடாதீங்க, அமுக்கி ஒடைஞ்சா வயித்துக்குள்ள பரவிடும், நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு தூக்கினு ஓடுங்க.